முதலில் நடப்பவர் யார்?

தமிழகத்தில் நாம் ‘கண்ணிவெடி’ என்னும் ஒரே சொல்லால் குறிப்பதை ஈழத்தமிழர் தம் பேச்சில் இரண்டாகப் பிரித்து வழங்குவர். பாதையில் புதைத்து ஊர்தியைத் தகர்ப்பது கண்ணிவெடி. மனிதர் காலடி பட்டு வெடிப்பது மிதிவெடி. குன்றத்தூர், போரூர், வளசரவாக்கம் எனச் சென்னையின் புறநகர்களில் வாழும் ஈழத்துக் குடும்பங்களோடு பழகியவர்கள் இவ்வேறுபாட்டைக் கேட்டிருக்கக்கூடும். ‘கண்ணி’ வேடருடைய சொல். பறவைக்கும் விலங்குக்கும் வைத்த பொறியின் பெயர். அச்சொல்லுக்குள் அதை வைத்தவன் இருக்கிறான். ‘மிதிவெடி’ என்னும் சொல்லில் வைத்தவன் இல்லை. மிதிப்பவர் மட்டுமே இருக்கிறார். யார் புதைத்தது, எந்த ஆண்டில், எந்தப் போருக்காக என்பனவெல்லாம் மறந்துபோன பின்னும் மண்ணுக்குள் காத்துக் கிடக்கும் ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைவது அரிது.

இவ்வெடிகளைப் புதைத்த வரலாறு போர்நூல்களில் விரிவாக எழுதப்பட்டுள்ளது. அகற்றிய வரலாறு அவ்வளவாக எழுதப்படவில்லை. அதை நாம் தேடிப் படிக்கும்போது ஒரு கேள்வி விடாமல் உடன் வருகிறது. வெடி புதைந்த நிலத்தில் முதலில் நடப்பவர் யார்? காலத்துக்குக் காலம் இக்கேள்விக்குக் கிடைத்த விடைகளை வரிசைப்படுத்தினால் அதுவே ஒரு வரலாறாகிவிடுகிறது. கைதி, படைவீரன், கூலிபெற்ற தொழிலாளி என்று மனிதர்களாலேயே ஆன அவ்வரிசையில், ‘மனிதர் எவரும் வேண்டாம், எந்திரம் போகட்டும்’ என்ற விடை மிக அண்மையில்தான் சேர்ந்தது. தொலைவிலிருந்து இயக்கப்படும் எந்திரங்கள் இலங்கையின் வடபுலத்தில் எதைச் செய்தன, எதைச் செய்ய இயலாமல் மனிதர் கைக்கே திருப்பிவிட்டன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கைதிகளும் சங்கிலிகளும்

மிதித்தால் வெடிக்கும் குண்டுகளை மண்ணில் புதைக்கும் முறை அமெரிக்க உள்நாட்டுப் போரில் பரவலாக வெளிப்பட்டது. 1862-இல் யார்க்டவுன் கோட்டையைக் கைவிட்டுப் பின்வாங்கிய தென்மாநிலப் படையினர், தளபதி கேப்ரியல் ரெயின்ஸ் என்பாரின் திட்டப்படி பாதையோரங்களில் குண்டுகளைப் புதைத்துச் சென்றனர். இரு தரப்பிலுமே பலர் இதை வீரத்துக்கு மாறான செயல் என்று கண்டித்தனர். 1864 டிசம்பரில் சவான்னா நகரை நெருங்கிய வடமாநிலத் தளபதி ஷெர்மன், தம் அதிகாரி ஒருவர் காலிழந்ததைக் கண்டு சினந்து, பிடிபட்ட தென்மாநிலக் கைதிகளின் கையில் கடப்பாறையும் மண்வெட்டியும் கொடுத்து அவர்களை முன்னே நடக்கவிட்டார். யார் முதலில் நடப்பது என்ற கேள்விக்கு அன்று கிடைத்த விடை அது. பகைவன் நடக்கட்டும் என்பதே அதன் பொருள்.

எண்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் அவ்விடை மாறவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-இல் டென்மார்க்கின் மேற்குக் கடற்கரையில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வெடிகள் புதைந்து கிடந்தன. அவற்றைப் புதைத்த ஜெர்மானியப் படையைச் சேர்ந்த ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் அவற்றை அகற்றும் பணியில் இறக்கப்பட்டனர். அவர்களுள் பலர் மாண்டனர், பலர் உறுப்பிழந்தனர். இத்தனை உயிர்களைச் செலவிட்ட பின்னும் எஞ்சிய கடைசி வெடிநிலம் அகற்றப்பட்டு டென்மார்க் முற்றிலும் தூய்மையானது என்று அறிவிக்கப்பட 2012 ஆயிற்று. செல்வமும் தொழில்நுட்பமும் மிகுந்த ஒரு சிறு நாட்டுக்கே 67 ஆண்டுகள் தேவைப்பட்டன என்பது கருதத்தக்கது.

எந்திரம் இவ்வரலாற்றில் நுழைந்த இடம் எகிப்தின் பாலைநிலம். 1942 அக்டோபரில் எல் அலமைன் போர்முனையில் பிரித்தானியப் படையின் முன்னே ஏறத்தாழ ஐந்து லட்சம் வெடிகள் புதைந்திருந்தன. போலந்து நாட்டுப் பொறியாளர் யூசெப் கொசாட்ஸ்கி உருவாக்கிய, கையில் ஏந்திச் செல்லும் உலோக உணர்கருவி அங்கே பெருமளவில் பயன்பட்டது. அதனோடு ‘ஸ்கார்ப்பியன்’ எனப்பட்ட புதிய எந்திரமும் களமிறங்கியது. தென்னாப்பிரிக்கரான ஆபிரகாம் டு டாய்ட்டின் எண்ணத்தில் பிறந்தது அது. ஒரு பீரங்கி வண்டியின் முன்பக்கத்தில் சுழலும் உருளையைப் பொருத்தி, அதில் கனத்த சங்கிலிகளைக் கட்டித் தரையை ஓங்கி ஓங்கி அறையச் செய்தார்கள். களத்துமேட்டில் கதிரடிப்பது போன்ற இச்செயல் மண்ணுக்குள் இருந்த வெடிகளை வெடிக்கச் செய்தது. உருளையைச் சுழற்றும் தனிப் பொறியைக் கவனிக்க ஒரு வீரர், வண்டியின் பக்கவாட்டில் பொருத்திய இரும்புப் பெட்டிக்குள் புழுதியில் மூச்சுத்திணற அமர்ந்திருக்க வேண்டியிருந்தது. மனித உடல் வெடியிலிருந்து சில அடிகள் விலகியது, அவ்வளவே.

1944-இல் நார்மண்டிக் கரையில் இறங்கிய சங்கிலி எந்திரத்தின் திருந்திய வடிவம் ‘ஷெர்மன்’ வகைப் பீரங்கி வண்டியின் மீது கட்டப்பட்டது. கைதிகளை முன்னே நடக்கவிட்ட அதே தளபதியின் பெயரைத் தாங்கிய வண்டி, மனிதருக்குப் பதிலாகத் தானே முன்னே சென்றது. வரலாறு தன்னை அறியாமலே செய்துகொண்ட கழுவாய் என்று இதைக் கொள்ளலாம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகக் குறித்தாக வேண்டும். அலமைனிலும் நார்மண்டியிலும் படைக்கு வேண்டியிருந்தது ஒரு பாதை மட்டுமே. வண்டிகள் வரிசையாகச் செல்லும் அகலத்துக்கு வழி கிடைத்தால் போதும். இருபுறமும் எஞ்சியிருப்பதைப் பற்றிப் படைக்குக் கவலை இல்லை. சில வெடிகள் தப்பிவிட்டாலும் அது போரின் இழப்புக் கணக்கில் சேர்ந்துவிடும். எகிப்தின் மேலைப் பாலையில் அன்று விடப்பட்டவை பெருமளவில் இன்னும் புதைந்தே கிடக்கின்றன. உழவருக்கு வேண்டியது பாதையன்று. முழு வயலும் வேண்டும். வரப்பு வேண்டும், கிணற்றடி வேண்டும், மாடு மேயும் புறம்போக்கும் பிள்ளைகள் விளையாடும் வெளியும் வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தூய்மையான வயல் என்று ஒன்று உலகில் இல்லை. போருக்காகப் பிறந்த எந்திரம் உழவருக்குப் பயன்படத் தொடங்கிய நாள்முதல் இவ்வேறுபாடே அதன் தீராத சிக்கலாக இருந்து வருகிறது.

அலைவழி ஆணை

1898-இல் நியூயார்க் நகரின் மேடிசன் சதுக்க அரங்கில், நிக்கோலா டெஸ்லா ஒரு சிறு படகைக் கம்பித் தொடர்பின்றி மின்காந்த அலைகளால் இயக்கிக் காட்டினார். தொலைவிலிருந்து ஆணையிடப்பட்டு நகரும் கருவிகளின் வரலாறு அங்கே தொடங்குகிறது எனலாம். போர் அதை விரைவில் தனதாக்கிக்கொண்டது. 1943 ஜூலையில் கூர்ஸ்க் களத்தில் ஜெர்மானியர், வெடிமருந்து சுமந்த ‘போர்க்வார்ட்’ வண்டிகளை ரேடியோ அலைகளால் இயக்கிச் சோவியத் வெடிநிலங்களுக்குள் செலுத்தினர். அதுவும் பாதை திறக்கும் வேலையே.

பொதுமக்களின் நிலத்துக்காக இத்தொழில்நுட்பம் திருப்பப்பட்டதற்கு 1990-களின் துயரங்களே காரணம். ஆப்கானிஸ்தான், கம்போடியா, அங்கோலா, மொசாம்பிக் ஆகிய நாடுகளில் போர் ஓய்ந்தோ ஓயாமலோ இருக்க, ஊர்கள் வெடிகளுக்கு நடுவே கிடந்தன. யூகோஸ்லாவியா சிதறியபோது ஐரோப்பாவின் வயல்களிலும் அதே நிலை ஏற்பட்டது. வெடிகளால் சீரழிந்த குரோஷியாவில் தோன்றிய ‘டோக்-இங்’ நிறுவனம் ‘எம்.வி.4’ என்னும் எந்திரத்தையும், சுலோவாக்கியாவில் ஒரு நிறுவனம் ‘பொசேனா’ என்னும் எந்திரத்தையும் உருவாக்கின. இரண்டும் ஐந்தாறு டன் எடையுள்ளவை; ஓட்டுநர் இருக்கை இல்லாதவை. முன்னே சுழலும் உருளையில் சங்கிலிகள். அவற்றின் நுனியில் இரும்புச் சுத்திகள். இயக்குபவர் சில நூறு மீட்டர் தள்ளி, கவசமிட்ட கூண்டுக்குள் நின்று, மார்பில் மாட்டிய பெட்டியின் நெம்புகோல்களால் அதை நடத்துகிறார். ஏறத்தாழ ஒரு சாண் ஆழத்துக்கு மண் பிளந்து புரள்கிறது. வெடி வெடித்தால் சங்கிலியின் ஓரிரு கண்ணிகள் அறும். மாற்றிப் பூட்டினால் வேலை தொடரும்.

அதே ஆண்டுகளில் சட்டமும் வழிக்கு வந்தது. மனிதரைக் குறிவைக்கும் வெடிகளை முற்றாகத் தடைசெய்யும் ஒப்பந்தம் 1997 டிசம்பரில் ஒட்டாவா நகரில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டு, 1999 மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்காகப் பாடுபட்ட பன்னாட்டு இயக்கத்துக்கும் அதை ஒருங்கிணைத்த ஜோடி வில்லியம்ஸ் அம்மையாருக்கும் 1997-இன் அமைதி நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடு பத்தாண்டுகளுக்குள் தன் நிலத்தைத் தூய்மை செய்ய வேண்டும் என்பது அதன் இன்றியமையா விதி. இந்தியா இன்றளவும் அதில் சேரவில்லை.

வன்னி நிலம்

இலங்கையின் வடக்கே நடந்த போரில் இரு தரப்பும் வெடி புதைத்தன. அரசுப் படையினர் பயன்படுத்தியவற்றுள் பாகிஸ்தானில் செய்யப்பட்ட ‘பி4’ என்னும் சிறிய நெகிழி வெடி முதன்மையானது. அதனுள் இருக்கும் மருந்து ஏறத்தாழ 30 கிராம். ஒருவரைக் கொல்வதைவிட அவருடைய பாதத்தைப் பறித்து, அவரைத் தூக்கிச் செல்ல மேலும் இருவரைக் களத்திலிருந்து விலக்குவதே அத்தகைய வெடியின் கணக்கு. விடுதலைப் புலிகள் மரப்பெட்டியில் செய்த ‘ஜொனி’ வகை மிதிவெடிகளையும், பி4-ஐப் பார்த்துச் செய்த நெகிழி வெடிகளையும் புதைத்தனர். இவற்றில் உலோகம் மிகக் குறைவு. ஆகவே உணர்கருவியின் காதுக்கு எளிதில் எட்டாதவை.

போரின் வடிவமும் நிலத்தின் வடிவமும் சேர்ந்து சில இடங்களை மீளமுடியாத வெடிநிலங்களாக்கின. 2000 ஏப்ரலில் ஆனையிறவு முகாம் புலிகளிடம் வீழ்ந்த பின், குடாநாட்டின் கழுத்துப் பகுதியில் கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்று கடல்நீரேரியிலிருந்து கீழைக்கடல் வரை ஒரு போர்முனை அமைந்தது. 2009 தொடக்கம் வரை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இரு படைகளும் அங்கே எதிரெதிரே நின்றன. ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் வெடிகளின் மேல் வெடிகள் புதைக்கப்பட்டன. பளைப் பகுதியின் தென்னந்தோப்புகள் தலையிழந்தன. பனைகள் வெட்டப்பட்டுப் பதுங்குகுழிகளின் கூரையாயின. உலகின் மிக அடர்த்தியான வெடிநிலங்களுள் ஒன்று என்று முகமாலை பெயர் பெற்றது அவ்வாறே.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். கருப்பொருளும் உரிப்பொருளும் அவற்றின் மேல் நிற்பவை. தமிழ் படித்தவர்களாகிய நமக்கு இவ்விலக்கணம் மனப்பாடம். மிதிவெடி முதற்பொருளையே பறித்துவிடுகிறது என்பதை முகமாலை நமக்குக் காட்டுகிறது. நிலம் இருக்கிறது, கால் வைக்க இயலாது. மழை பெய்கிறது, காலபோக விதைப்புக்குப் பொழுது வருகிறது, ஆனால் ஏர் இறங்க முடியாது. உறுதிப் பத்திரத்தில் ஒருவருக்குச் சொந்தமான பரப்புகள் பல ஆண்டுகள் மண்டையோடு பொறித்த சிவப்புப் பலகைக்குப் பின்னால் காடாகி நின்றன.

2002 பிப்ரவரியில் கையெழுத்தான போர்நிறுத்த உடன்பாட்டுக்குப் பின் முறையான அகற்றும் பணி தொடங்கியது. ‘ஹாலோ டிரஸ்ட்’, ‘மேக்’ முதலான பன்னாட்டு நிறுவனங்கள் அவ்வாண்டே வந்தன. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தின் மனிதநேயக் கண்ணிவெடி அகற்றும் பிரிவு இயங்கியது. இந்தியாவிலிருந்து ஓய்வுபெற்ற படைப்பொறியாளர்களைக் கொண்ட ‘ஹொரைசன்’, ‘சர்வத்ரா’ என்னும் அமைப்புகளும் சென்றன. 2006-இல் போர் மீண்டும் மூண்டபோது தூய்மை செய்யப்பட்ட நிலங்களுக்கு அருகிலேயே புதிய வெடிகள் புதைக்கப்பட்டன. 2009 மே மாதம் போர் முடிந்தபோது, ஏறத்தாழ மூன்று லட்சம் மக்கள் வவுனியாவின் மெனிக் பாம் முதலான முகாம்களில் அடைபட்டிருந்தனர். நிலத்தில் வெடிகள் உள்ளன, அகற்றிய பின்னரே ஊர் திரும்பலாம் என்று அரசு கூறியது. வெடிகள் இருந்தது உண்மை. அக்காரணமே மக்களை முகாமில் அடைத்து வைப்பதற்கும் சாக்காக்கப்படுகிறது என்று எழுந்த குற்றச்சாட்டும் அக்காலத்தின் பதிவுகளில் உள்ளது. எவ்வாறாயினும், வெடி அகற்றும் வேகமே மக்கள் வீடு திரும்பும் வேகமாயிற்று. எந்திரங்கள் பெருமளவில் வந்திறங்கியது இந்நிலையில்தான்.

எந்திரம் செய்தது

இலங்கைப் படையின் பொறியாளர் பிரிவு பொசேனா, எம்.வி.4 ஆகிய தொலை இயக்க எந்திரங்களைக் களமிறக்கியது. ஹாலோ போன்ற அமைப்புகள் வேறொரு வழியைக் கையாண்டன. மண் அள்ளும் எந்திரங்களுக்கும் தோண்டும் எந்திரங்களுக்கும் கவசத் தகடும் தடித்த கண்ணாடியும் பொருத்தி, ஓட்டுநரை உள்ளே அமர்த்தி இயக்கின. முன்னது மனிதரைத் தொலைவில் வைக்கிறது. பின்னது மனிதரைக் கவசத்துக்குள் வைக்கிறது. இரண்டின் நோக்கமும் வெறும் காலை அந்த மண்ணிலிருந்து விலக்குவதே.

எந்திரத்தின் முதற்பயன் காட்டை அகற்றுவது. பல ஆண்டுகள் மனிதர் நுழையாத நிலத்தில் முட்புதர் ஆளுயரம் வளர்ந்திருக்கும். அதற்குள் இழுவைக் கம்பி பூட்டிய வெடி இருக்கலாம். மரத்தில் சிக்கிய எறிகணை இருக்கலாம். கத்தரிக்கோலால் ஒவ்வொரு கொம்பாக நறுக்கி முன்னேறும் மனிதருக்கு ஒரு நாள் ஆகும் வேலையைச் சங்கிலி எந்திரம் சிறிது நேரத்தில் முடிக்கும். இரண்டாவது பயன், வெடியில்லாத நிலத்தைக் கண்டறிவது. ஐயத்துக்குரிய பரப்பு முழுவதிலும் வெடி இருப்பதில்லை. எந்திரத்தைக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டிப் பார்த்து, வெடி உள்ள வரிசை எது என்று கண்டுகொண்டால் மனித உழைப்பை அவ்வரிசையின் மீதே குவிக்கலாம். மூன்றாவது, படைகள் எழுப்பிய மண்ணணைகளையும் இடிந்த பதுங்குகுழிகளையும் கலைப்பது. பனங்குற்றிகளும் மண்மூட்டைகளும் வெடிகளும் கலந்து கிடக்கும் அம்மேடுகளைக் கையால் கலைப்பது உயிரைப் பணயம் வைக்கும் செயல்.

எந்திரத்தின் எல்லைகளையும் வன்னி மண் காட்டிக்கொடுத்தது. மாரிமழையில் நனைந்த மண் சங்கிலியில் அப்பிக்கொண்டு அதன் அறையை மழுங்கச் செய்யும். வரப்பிலும் பள்ளத்திலும் உருளை தரையோடு ஒட்டாது. மரத்தின் வேரடியில் இருப்பதை அது தொடாது. எல்லாவற்றினும் பெரிய குறை வேறு. சங்கிலியின் அடி படும் ஒவ்வொரு வெடியும் வெடித்துவிடும் என்ற உறுதி இல்லை. சில உடைந்து, மருந்தும் தூண்டியும் மண்ணில் சிதறிக் கிடக்கும். சில வெடிக்காமலே தூய்மை செய்த பக்கத்துக்கு எறியப்படும். ஐக்கிய நாடுகள் சபை 1990-களில் வகுத்த அளவுகோல் 20 சென்டிமீட்டர் ஆழம்வரை 99.6 விழுக்காடு என்பது. பின்னர் 2001 முதல் வெளிவந்த பன்னாட்டு விதிமுறைகள், குறித்த ஆழம்வரை எல்லாவற்றையும் அகற்ற வேண்டும் என்றே கூறுகின்றன. சங்கிலி எந்திரம் மட்டும் ஓடிய நிலத்தை இவ்வளவுகோலின்படி தூய்மையானது என்று எவரும் கையெழுத்திட்டுக் கொடுக்க மாட்டார்கள். எந்திரம் போன பின் மோப்ப நாயோ மனிதரோ அதன் தடத்திலேயே போக வேண்டும்.

வாரியும் கையும்

இலங்கையில் அவ்வாறு பின்னே சென்ற மனிதர்கள் கையில் ஏந்திய கருவி எளிமையானது. தோட்டத்தில் சருகு வாரப் பயன்படும் பல்லுள்ள வாரியைப் போன்றது அது. நீண்ட கைப்பிடி கொண்டது. கனமான வாரியால் மண்ணை இளக்குவது, பிறகு மெல்லிய வாரியால் மண்ணைத் தம் பக்கம் இழுத்து வெடியை வெளிக்கொணர்வது என்னும் முறை, உலோகம் குறைந்த வெடிகளும் மணல் கலந்த மண்ணும் உள்ள அந்நிலத்துக்கு நன்கு பொருந்தியது. நார்வே மக்கள் உதவி அமைப்பின் துணையோடு இலங்கை மண்ணிலேயே வளர்த்தெடுக்கப்பட்ட முறை இது. உணர்கருவி கேட்கத் தவறியதை வாரியின் பல் தொட்டுச் சொன்னது. வெயிலில் கவச உடையும் முகத்திரையும் அணிந்து, முழங்காலிட்டு, ஒரு நாளில் சில சதுர மீட்டர் மட்டும் முன்னேறும் பணி அது.

அப்பணியில் ஏராளமான பெண்கள் சேர்ந்தனர். கணவரைப் போரில் இழந்தவர்கள், குடும்பத்தின் சுமையைத் தனியே தாங்குபவர்கள், அதே நிலத்திலிருந்து இடம்பெயர்க்கப்பட்டவர்கள் அவர்களுள் பலர். ஹாலோவிலும் மேக் அமைப்பிலும், ‘டாஷ்’, ‘ஷார்ப்’ என்னும் உள்நாட்டு அமைப்புகளிலும் அவர்கள் பணியாற்றினர். மாதம் தவறாமல் வரும் ஊதியம் என்பது போர் தின்ற அம்மாவட்டங்களில் எளிதில் கிட்டாத ஒன்று.

இங்கே நம் கேள்வி கூர்மையடைகிறது. கைதியை நடக்கவிட்ட காலம் போயிற்று என்று மகிழும் நாம், வறுமை ஒருவரை அந்நிலத்தில் நடக்க வைக்கிறதா என்றும் கேட்க வேண்டும். விடை எளிதன்று. பயிற்சி, காப்பீடு, கவசம், மேற்பார்வை எல்லாம் உள்ள தொழில் அது. தம் ஊரைத் தாமே மீட்கிறோம் என்ற பெருமையும் அதில் உண்டு. அதே நேரம், வேறு நல்ல வேலை இருந்திருந்தால் எத்தனை பேர் இதைத் தேர்ந்திருப்பர் என்ற கேள்வியையும் ஒதுக்கிவிட முடியாது. எந்திரம் அவர்களுடைய ஆபத்தில் ஒரு பங்கைக் குறைத்தது. எந்திரமே எல்லாம் செய்துவிட்டால் அவர்களுடைய ஊதியமும் குறைந்திருக்கும். நிலம் முழுவதும் தூய்மையாகும் நாளில் அவர்கள் வேலையிழப்பர் என்பது இத்தொழிலின் இயல்பு. அந்நாளுக்குப் பின் அவர்களுக்கு என்ன வழி என்பதை எந்திரக் கணக்கோடு சேர்த்துத் திட்டமிட்டாக வேண்டும்.

தாமதமாக வந்த எந்திரம் காப்பாற்றாதவர்களையும் நாம் மறத்தலாகாது. யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கிவரும் ஜெய்ப்பூர் நிறுவனம் காலிழந்தோர்க்குச் செயற்கைக் கால் பொருத்தி வருகிறது. 1968-இல் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய அக்காலோடு செருப்பின்றி நடக்கலாம், சம்மணமிட்டு அமரலாம், சேற்று வயலில் இறங்கலாம். மேலைநாட்டுச் செயற்கைக் கால் நாற்காலியில் அமர்ந்து சப்பாத்து அணிபவருக்காகச் செய்யப்பட்டது. இது நம் உழவருக்காகச் செய்யப்பட்டது. கருவி எவ்வளவு நுட்பமானது என்பதைவிட, அதைப் பயன்படுத்துபவரின் வாழ்வை அறிந்து செய்யப்பட்டதா என்பதே முதன்மை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

ஆவடியும் நாமும்

சேக்கிழார் பிறந்த நம் குன்றத்தூரை ஒட்டிச் செல்லும் வெளிவட்டச் சாலையில் வடக்கு நோக்கிப் போனால் ஆவடிப் பகுதியை அடையலாம். அங்கே பாதுகாப்பு ஆய்வு வளர்ச்சி நிறுவனத்தின் போர் ஊர்தி ஆய்வகம் உள்ளது. அவ்வாய்வகம் 2017-இல் ‘முந்த்ரா’ என்னும் ஆளில்லா ஊர்தியை வெளிப்படுத்தியது. தொலைவிலிருந்து இயக்கப்படும் அது மூன்று வகைகளில் அமைந்தது: வேவு பார்க்க ஒன்று, புதைந்த வெடிகளைக் கண்டறிய ஒன்று, அணுக்கதிர் அல்லது நச்சு பரவிய இடத்தில் நுழைய ஒன்று. ராஜஸ்தானத்துப் பாலையில் அது சோதிக்கப்பட்டது. கண்ணிவெடியைத் தேடும் தொலை இயக்க எந்திரம் என்பது எங்கோ ஐரோப்பாவில் மட்டும் பிறப்பதன்று, நம் புறநகரிலும் பிறக்கிறது என்பதைப் பதிவு செய்வதற்காகவே இதைச் சொல்கிறோம்.

அதன் தேவையும் நமக்கு அயலானதன்று. 2001 டிசம்பரில் பாராளுமன்றத் தாக்குதலைத் தொடர்ந்து படைகள் எல்லைக்கு நகர்த்தப்பட்ட ‘பராக்கிரம்’ நடவடிக்கையில், பஞ்சாபிலும் ராஜஸ்தானிலும் சம்முவிலும் உழவர் வயல்களில் வெடிகள் புதைக்கப்பட்டன. போர் நிகழவில்லை. ஆயினும் வெடிகளைப் புதைக்கும்போதும் திரும்ப எடுக்கும்போதும் வீரர்கள் மாண்டனர். உழவரும் கால்நடையும் பலியாயினர். ஒரு குண்டுகூடப் பகைவர் மீது சுடாமல் தன் மக்களையே காயப்படுத்தும் படைக்கலம் வேறு எது? நம் நாட்டு ஆய்வகங்கள் வெடியைக் கண்டறியும் எந்திரத்தைச் செய்யும்போதே, நம் நாடு வெடியைத் தடைசெய்யும் ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்பதை இலக்கிய வாசகர்களாகிய நாமாவது கேள்வி கேட்க வேண்டும். 2009-க்குப் பின் வன்னியின் நிலத்தைத் தூய்மை செய்ய இந்திய அரசு தன் செலவில் பல அணிகளை அனுப்பியது. அந்த உதவியின் நியாயம் நம் எல்லைக்கும் பொருந்த வேண்டும்.

ஒப்படைத்தல்

2017 ஜூனில் மட்டக்களப்பு, மிதிவெடியற்ற முதல் மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் இலங்கை ஒட்டாவா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. ஒப்பந்தம் அந்நாட்டைக் கட்டுப்படுத்தத் தொடங்கிய நாள் 2018 ஜூன் 1. ஆகவே நிலம் முழுதும் தூய்மையாக வேண்டிய கெடு 2028 ஜூன் 1. முகமாலையின் பகுதிகள் கட்டம் கட்டமாக மக்களிடம் திரும்பியுள்ளன. அங்கே தென்னங்கன்றுகள் மீண்டும் நடப்படுகின்றன. ஆனால் உலகின் கவனமும் பணமும் இடம்பெயர்ந்து வருகின்றன. 2022 முதல் உக்ரைன் பெரும் வெடிநிலமாகிவிட்டதால் இவ்வகை எந்திரங்கள் அங்கே குவிகின்றன. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்தியதால் பல நாடுகளில் அகற்றும் பணிகள் தடைப்பட்டன. அதே ஆண்டில் லித்துவேனியா, லாத்வியா, எஸ்தோனியா, பின்லாந்து, போலந்து ஆகிய நாடுகள் ஒப்பந்தத்திலிருந்து விலகும் முடிவை மேற்கொண்டன. தூய்மை செய்ய 67 ஆண்டுகள் எடுத்துக்கொண்ட டென்மார்க்கின் அண்டைப் புலத்திலேயே மீண்டும் வெடி புதைக்கும் பேச்சு எழுகிறது என்பது வேதனைக்குரியது.

வெடி அகற்றிய நிலத்தை உரியவரிடம் கையளிக்கும்போது, அகற்றியவர்களே அம்மண்ணில் ஊரார் காண நடந்து காட்டும் வழக்கம் உலகின் சில பகுதிகளில் உண்டு. அளவையும் ஆழத்தையும் குறித்த சான்றிதழ் அலுவலகத்துக்குப் போதும். தன் பிள்ளையை அந்த வயலில் ஓடவிடப் போகும் தாய்க்கு ஒரு மனிதரின் காலடி வேண்டியிருக்கிறது. எந்திரம் எவ்வளவு நுட்பமானாலும் இந்த ஒரு வேலையை அதனிடம் ஒப்படைக்க முடியாது.

ஆகவே நம் கேள்விக்கு விடை இரண்டாகப் பிரிகிறது. வெடி இருக்கும்வரை முதலில் போக வேண்டியது எந்திரம். அந்த ஆபத்தில் கைதியையோ ஏழையையோ முன்னே தள்ளும் உரிமை எவருக்கும் இல்லை. வெடி தீர்ந்த பின் முதலில் நடக்க வேண்டியவர், இந்நிலம் பழுதற்றது என்று பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டவர். அவருக்குப் பின்னால் நிலத்துக்கு உரியவர் வருவார், விதைநெல்லோடு. எத்தனை வெடிகள் எடுக்கப்பட்டன என்ற எண்ணிக்கையோடு எத்தனை வயல்களில் அடுத்த காலபோகத்தில் நெல் விளைந்தது என்ற கணக்கையும் அறிக்கைகள் தரத் தொடங்குமானால், 2028-இன் கெடு வெறும் நாட்காட்டித் தேதியாக நின்றுவிடாது.